பதினோரு பாட்டில்

நாற்பதாயிரம் பெட்டி அடுக்கியிருக்கும் ஓர் இடத்தில் பதினோரு பாட்டில் காணாமல் போனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், தப்பில்லை. அன்றைக்கு அந்தக் கிடங்கிலேயே பாதிப் பேர் அப்படித்தான் கேட்டார்கள். கேட்காதவள் ஒருத்தி. அவளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். சாய்ந்து உட்காருங்கள், அவசரமில்லை.

அது மருந்துக் கிடங்கு. பெரிய சாலையை ஒட்டி, லாரி வந்து திரும்பத் தோதான இடத்தில் இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, உள்ளே பதினான்கு வரிசை இரும்பு அடுக்குகள், ஒவ்வொன்றும் ஐந்து தட்டு உயரம். அதற்குப் பொறுப்பானவளை எல்லோரும் வரிசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை "எந்த வரிசை?" என்பதுதான். ஒருமுறை வீட்டிலிருந்து புருஷன் போன் பண்ணி வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டதற்கும் அதையே கேட்டாளாம்.

அவள் பொறுப்புக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கிடங்கு இருந்த அழகைச் சொன்னால் சிரிப்பீர்கள். முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் லீவு போட்டால் தலையும் கூடவே லீவு போட்டுவிடும். பத்தொன்பது பேர் ஆளுக்கொரு பக்கம் பெட்டியை இழுத்துப் போட்டுத் தேடுவார்கள். அவர் வேறு வேலைக்குப் போனதும் மேனேஜர் இவளைக் கூப்பிட்டு, ஆள் கிடைக்கும் வரை தற்காலிகமாகப் பார்த்துக்கொள் என்றார். பதினான்கு வருஷமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் அவள். பெரிய படிப்பு கிடையாது.

முதல் நாள் அவள் எதையும் தொடவில்லை. சரக்கு எடுக்கிற பெண் ஒருத்தியின் பின்னாலேயே காலையிலிருந்து நடந்தாள். மத்தியானத்துக்குள் பதினோராயிரம் அடி. எதற்கு இவ்வளவு நடை என்று பார்த்தால், தினம் நூறு பெட்டி போகிற குழந்தைகளின் காய்ச்சல் சிரப் கடைசி வரிசையில், வருஷத்துக்கு இரண்டே இரண்டு போகிற சக்கர நாற்காலி சாமான் வாசலை ஒட்டி. உப்பை மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் பெரிய அண்டாவை அடுப்புப் பக்கத்தில் வைத்தது போல.

அவள் மாற்றியது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. அடிக்கடி போவது வாசலுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில். கனமானது கீழே, லேசானது மேலே. புதுச் சரக்கைப் பின்பக்கமாக ஏற்றுவது, முன்பக்கமாக எடுப்பது. அப்போது பழையது மூலையில் தூங்கிக் காலாவதியாகாமல் முதலில் வெளியே போகும். சின்னக் கடைக்காரர்கள் நாலு பாட்டில், ஆறு பாட்டில் என்று சில்லறையாகக் கேட்பார்களே, அவர்களுக்காகப் பிரித்த பெட்டிகளை வைக்கத் தனியாக ஓர் அலமாரி. அதற்குச் சில்லறை அலமாரி என்றே பெயர். எல்லாம் ஒழுங்கானபோது அதே பெண்ணின் நடை ஆறாயிரம் அடிக்கு இறங்கியது. சாயங்காலம் முழங்காலில் தைலம் தேய்க்காமல் வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொன்னாள். அது போதும் வரிசையக்காவுக்கு.

இன்னொன்றும் செய்தாள். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் கிடங்கைப் பூட்டிப் போட்டு எண்ணுவார்கள். எண்ணி முடிப்பதற்குள் சண்டையும் மூளும். இவள் அதை மாற்றித் தினம் காலையில் அரை மணி நேரம் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் எண்ண வைத்தாள். இருபத்தாறு வேலை நாளில் கிடங்கு முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். எண்ணியதைத் தாளில் எழுதி, தேதி போட்டு, ஆணியில் குத்தி வைப்பாள். தினம் எண்ணினால் சரக்கு குட்டி போட்டுவிடுமா என்று மேனேஜர் கேலி செய்தார். குட்டி போடாது சார், ஆனால் தொலைந்தால் தொலைந்த மாதமே தெரியும் என்றாள்.

அந்தக் கிடங்கில் பெட்டி கட்டும் பகுதியில் அவளுடைய நாத்தனாரும் இருந்தார். புருஷனுக்கு அக்கா. ஒரே வீடு, ஒரே அடுப்பு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இவளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். வீட்டில் அவர் சொன்னால் இவள் கேட்க வேண்டும், கிடங்கில் இவள் சொன்னால் அவர் கேட்க வேண்டும். வாசல் கேட்டைத் தாண்டும்போது மரியாதை தினம் இரண்டு தரம் குட்டிக்கரணம் போடும். இரண்டு பேருமே அதைக் கண்டுகொள்ளாதது போல நடந்துகொள்வார்கள். நாத்தனாருக்குக் கிடங்கில் இஸ்திரியம்மா என்று பேர். அவர் கட்டிய பெட்டியில் ஒட்டுக் காகிதம் ஒரு நூல் கோணாது. கலைந்து கிடப்பதைக் கண்டால் அவர் கைக்கு நமைச்சல் வந்துவிடும். தம்பி மனைவியைப் பற்றி யாராவது புகழ்ந்தால் மட்டும், ஏதோ பண்றா என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு போன் வந்தது. கிடங்கில் பாதிக்கு மேல் சரக்கு வைத்திருக்கும் மருந்து கம்பெனியின் அதிகாரியம்மா பேசினார். காய்ச்சல் சிரப்பில், ஒரே தடவையில் தயாரித்த ஒரு தொகுதியில் மூடிக்குக் கீழே இருக்கும் சீல் சரியாக ஒட்டவில்லை, உள்ளே காற்றுப் புகுந்து மருந்து கெட்டுப் போகும், குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தொகுதி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தேழு. வந்தது எத்தனை, போனது எங்கே, இருப்பது எத்தனை, ஒரு பாட்டில் விடாமல் கணக்கு வேண்டும். நாலு மணிக்கு நேரில் வருவேன். கடைசியாக ஒன்று சொன்னார்: எல்லா ஊர்ச் சரக்கையும் ஒரே பெரிய கிடங்குக்கு மாற்றிவிடலாமா என்று மேலே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், இன்று யார் எப்படிக் கணக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவு.

பாதிச் சரக்கு போனால் பாதி ஆள் எதற்கு? பத்தொன்பது பேருக்கும் அது சொல்லாமலே புரிந்தது.

வரிசையக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நாற்பத்தேழு மொத்தம் முந்நூற்று இருபது பெட்டி வந்திருந்தது, பெட்டிக்கு இருபத்து நாலு பாட்டில். முழுப் பெட்டியாக வெளியே போனது இருநூற்று அறுபது. எந்தக் கடை, எந்தத் தேதி என்று பட்டியல் எடுத்து உடனே கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். அவர்களே கூப்பிட்டுச் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே இருக்க வேண்டியது ஐம்பத்தொன்பது பெட்டி. எந்த வரிசை என்று அன்றைக்கு யாரும் கேட்கவே இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பைலட் ஃபோர்க்லிஃப்டைக் கிளப்பினான். தரையை விட்டு எழும்பாத வண்டியை ஓட்டுகிறவனுக்கு அந்தப் பட்டப்பெயர். பன்னிரண்டே நிமிஷத்தில் ஐம்பத்தொன்பதும் வாசலருகே சிவப்புக் கயிறு கட்டிய மூலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். முன்பு என்றால் இதற்கே இரண்டு நாள் ஆகியிருக்கும்.

மிச்சம் ஒரே ஒரு பெட்டி. அது சில்லறைக்காகப் பிரித்தது. அதில் பதின்மூன்று பாட்டில் போன வாரமே விற்றிருந்தது, யாருக்கு என்று எழுத்து இருந்தது, அதுவும் கம்பெனிக்குப் போய்விட்டது. மீதி பதினொன்று. கம்ப்யூட்டர் சொன்னது: சில்லறை அலமாரி, மூன்றாம் தட்டு.

மூன்றாம் தட்டில் அந்தப் பெட்டி இல்லை.

இரண்டாம் தட்டில் இல்லை, நாலாம் தட்டில் இல்லை. திரும்பி வந்த சரக்கு வைக்கும் கூண்டில் இல்லை. உடைந்ததைப் போடும் மூலையில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஆளுக்கொரு பக்கம் குனிந்து அடுக்குக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். பைலட் மேல் தட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தான். பழைய காலம் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது.

ஒரு மணிக்கு மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள், பத்தொன்பது பேரின் சம்பளம் அவர் தலையில். ஏழாயிரத்துச் சொச்சம் பாட்டிலில் பதினொன்று என்னம்மா, உடைந்தது என்று எழுதிவிடு, எல்லாக் கிடங்கிலும் உடையத்தான் செய்கிறது, யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்.



"உடைஞ்சிருந்தா எழுதலாம் சார்," என்றாள். "உடையல. எங்கேயோ முழுசா இருக்கு. யார் வீட்டு அலமாரியிலயாவது இருந்தா? நாம எழுதறதைப் பார்த்துட்டு கம்பெனிக்காரங்க தேடறதை நிறுத்திடுவாங்க."

மேனேஜர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நாலு மணிக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். அதற்குள் தெரிந்துவிடும் என்று சொன்னாள். தெரியும் என்று அவளுக்கே நிச்சயம் இல்லை.

வெளியே வந்து தேடிக்கொண்டிருந்த எல்லோரையும் நிறுத்தச் சொன்னாள். பலகைகளை மறுபடி அதனதன் இடத்தில் ஏற்றச் சொன்னாள். பைலட் தலையைச் சொறிந்தான்.

"தேட வேணாமாக்கா?"

"கண்ணால தேடினது போதும். நீ ஏத்து, நான் தாளைப் பார்க்கறேன்."

ஆணியில் குத்தியிருந்த தாள்களில் திங்கட்கிழமைத் தாளை உருவினாள். நல்ல வேளை, அந்தத் திங்கள்தான் சில்லறை அலமாரியை எண்ணியிருந்தார்கள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: மூன்றாம் தட்டு, காய்ச்சல் சிரப், பிரித்த பெட்டி இரண்டு. நாற்பத்தேழில் பதினொன்று. ஐம்பத்திரண்டில் ஒன்பது. ஆக, திங்கட்கிழமை காலை வரை பெட்டி அங்கே இருந்திருக்கிறது. தொலைந்தது நாலு நாளுக்குள். உலகத்தையே தேட வேண்டியதில்லை, நாலு நாளைத் தேடினால் போதும்.

பிறகு கம்ப்யூட்டரில் பக்கத்துப் பெட்டியான ஐம்பத்திரண்டைத் திறந்து பார்த்தாள். புதன்கிழமை ஒரு கடைக்கு ஆறு போயிருந்தது. வியாழக்கிழமை இன்னொரு கடைக்கு நாலு. ஒன்பதில் பத்துப் போயிருக்கிறது. இருப்பு என்ற இடத்தில் மைனஸ் ஒன்று என்று காட்டியது.

இல்லாத பாட்டிலை எப்படி விற்க முடியும்? அவள் எழுந்து ஓடவில்லை, நடந்துதான் போனாள். ஆனால் நடந்த வேகத்தைப் பார்த்துச் சரக்கு எடுக்கிற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மூன்றாம் தட்டில் ஐம்பத்திரண்டு என்று அச்சடித்த பெட்டி அழகாக, அலமாரி விளிம்புக்கு நேராக நின்றது. மைனஸ் ஒன்று இருக்க வேண்டிய பெட்டிக்குள் பத்துப் பாட்டில். பதினொன்று அதிகம்.

முன்னால் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். லேபிளின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. நாற்பத்தேழு. பின்னால் இருந்த ஒன்பதையும் பார்த்தாள். எல்லாம் ஐம்பத்திரண்டு.

யாரோ இரண்டு அரைப் பெட்டியைச் சேர்த்து ஒரே பெட்டியாக்கியிருக்கிறார்கள். காலிப் பெட்டியை மடித்துக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சரக்கு எடுத்தவர்கள் பெட்டியின் மேலிருந்த பார்கோடை ஸ்கேனரால் சுட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்துப் போயிருக்கிறார்கள். பாட்டில் நாற்பத்தேழு, எழுத்து ஐம்பத்திரண்டு.

யார் என்று அவள் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் இரண்டு அரை டப்பாச் சர்க்கரை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மறுநாள் ஒரு டப்பாதான் இருக்கும். இரண்டு எண்ணெய் பாட்டில், இரண்டு சோப்புத் தூள் பொட்டலம், ஏன், இரண்டு ஊறுகாய் ஜாடி கூட. ஒருமுறை எலுமிச்சையும் மாங்காயும் ஒன்றாகிவிட்டது, வீடே ஒரு மாதம் அதைத் தின்று தீர்த்தது. இருபது வருஷமாகப் பார்த்த கை அது.

நாத்தனாரை அலமாரிப் பக்கம் வரச் சொன்னாள். எல்லோர் முன்னாலும் கேட்க மனசு வரவில்லை. அவர் ஒட்டுக் காகித உருளையைக் கையில் வளையல் போலப் போட்டுக்கொண்டே வந்தார்.

"அண்ணி, திங்களோ செவ்வாயோ இந்தத் தட்டை ஒழுங்கு பண்ணினீங்களா?"

"பண்ணினேன். அரையும் குறையுமா ரெண்டு பெட்டி இளிச்சிக்கிட்டு இருந்துது. ஒண்ணாக்கி வச்சேன். இப்ப அதுல என்ன குறை கண்டுபிடிச்சே?"

வரிசையக்கா நாற்பத்தேழு என்று போட்டிருந்த பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள். இஸ்திரியம்மா கண்ணாடியை மூக்கின் மேல் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். படித்து முடித்ததும் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். காலையிலிருந்து அவரும்தான் எல்லோருடனும் சேர்ந்து அடுக்குக்கு அடியில் குனிந்து குனிந்து அந்தப் பெட்டியைத் தேடியிருக்கிறார். தான் மடித்துப் போட்டது அதுதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் மனசில் அவர் எதையும் தொலைக்கவில்லை, அடுக்கினார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கோபப்பட்டிருக்கலாம். இருபது வருஷத்துக்கும் சேர்த்து வைத்துக் கொட்டியிருக்கலாம். நேரம் இரண்டே கால். வரிசையக்காவின் மனசில் ஓடியது ஒரே கேள்விதான். அதைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பதினொன்றில் ஒன்று கையில் இருக்கிறது. மீதிப் பத்து, புதன் போன ஆறிலும் வியாழன் போன நாலிலும்தான் இருக்கிறதா, அல்லது வேறு எங்காவது கலந்துவிட்டதா?

"அண்ணி, இந்தப் பதினொண்ணையும் இதே பெட்டியிலதான் வச்சீங்களா? முன்னாலயா, பின்னாலயா, இடையில செருகினீங்களா?"

உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அவ்வளவு துக்கத்திலும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பழசு முன்னாலதான். அது கூடவா தெரியாது எனக்கு? ஒன்பதையும் பின்னுக்குத் தள்ளிட்டு, பதினொண்ணையும் முன்னால வச்சேன். நீதானே சொல்லிக் கொடுத்தே, பழசு முதல்ல போகணும்னு."

வரிசையக்கா அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரிப்பா, அழுகையா என்று பக்கத்தில் இருந்தால் சொல்ல முடியாது. தப்பைக் கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்கிற ஆள் உலகத்தில் வேறு யார்? முன்னால் இருந்தவைதான் முதலில் போயிருக்கின்றன. புதன் போன ஆறும் நாற்பத்தேழு. வியாழன் போன நாலும் நாற்பத்தேழு. கையில் ஒன்று. ஆறு, நாலு, ஒன்று. பதினொன்று.

இரண்டு கடைக்கும் போன் பறந்தது. முதல் கடையில் ஆறும் அலமாரியில் அப்படியே இருந்தன. இரண்டாவது கடையில் மூன்று இருந்தன. ஒன்றை அன்று காலைதான் தையல்காரர் ஒருவர் மகளுக்கு என்று வாங்கிப் போயிருந்தார். வீடு அடுத்த தெருவில்தானாம், போன் நம்பர் கடைக்காரரிடம் இல்லை.

பைலட் கம்பெனி வேனின் சாவியை எடுத்தான். நான் போகிறேன் என்று நாத்தனார் எழுந்தார். அவர் போக வேண்டாம், ஓய்வாக இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிப் பார்த்தார். அவர் காதில் விழுந்தது போலவே தெரியவில்லை. தையல்காரரிடம் வெறுங்கையோடு போய் மருந்தைப் பிடுங்கிக்கொண்டா வருவது என்று சொல்லி, இரண்டு கடைக்கும் சேர்த்து நல்ல ஐம்பத்திரண்டாகப் பத்துப் பாட்டில் கேட்டார். பெட்டியில் ஒன்பதுதான் இருந்தது. புதுப் பெட்டி பிரித்து, பத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வரிசையக்கா கொடுத்தாள். அந்த அவசரத்திலும்.

அந்தப் பயணத்தை பைலட் பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தான். கிடங்குக்குள் ஆமை வேகத்தில் ஓட்டிப் பழகியவன், அன்றைக்குத்தான் நாலாவது கியர் என்று ஒன்று இருப்பதையே கண்டானாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரியம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் மடியில் இருந்த பாட்டில்களை நேராக அடுக்கிக்கொண்டே வந்தாராம். தையல்காரர் வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜுரம் ஏறினால் கொடுக்கலாம் என்று பாட்டிலைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். மூடி வளையம் உடையவில்லை. இஸ்திரியம்மா அந்தத் தாயிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மாற்றிக் கொடுத்து, குழந்தையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

மூன்று ஐம்பதுக்கு வேன் திரும்பியது. சிவப்புக் கயிறு மூலையில் ஐம்பத்தொன்பது பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் பதினோரு பாட்டில் நின்றன. நிற்க வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நூல் கோணவில்லை.

அதிகாரியம்மா நாலு மணிக்குச் சரியாக வந்தார். ஒல்லியான பெண்மணி, நிறையப் பேசாதவர். தாளைப் படித்தார். ஐம்பத்தொன்பதைத் தானே எண்ணினார். பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். பிறகு படிவத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். பதினொன்று வேறு எண்ணில் கலக்கக் காரணம் என்ன, யார் தவறு என்று எழுத வேண்டிய கட்டம் அது. அதில் வரிசையக்கா எழுதியிருந்தது இதுதான்: பிரித்த பெட்டிகளை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்ற விதி இந்தக் கிடங்கில் இல்லை. விதிகளை எழுத வேண்டியவள் நான், அதை எழுதாமல் விட்டதும் நான். இன்று மூன்று மணிக்கு எழுதி அலமாரியில் ஒட்டியாகிவிட்டது.

"சேர்த்தது நீங்களா?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

வரிசையக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கை என்னோடதுங்க. அவ எழுதினது அவ பெருந்தன்மை. கணக்குன்னா கணக்காத்தான் இருக்கணும், என் பேரையும் போட்டுக்குங்க."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதிகாரியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"காலையிலேருந்து மூணு குடோன் பார்த்துட்டு வர்றேன்," என்றார். "மூணுலயும் கணக்கு நேரா இருக்கு. குறைஞ்சதெல்லாம் உடைஞ்சதுன்னு எழுதியிருக்காங்க. இங்க ஒரு இடத்துலதான் பாட்டில் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். கையெழுத்துப் போட்டார். போகும்போது, ஆணியில் இருந்த அந்தத் திங்கட்கிழமைத் தாளை போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வரிசையக்கா தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அந்த போட்டோவில் அவளுடைய இரண்டு கட்டைவிரலும் விழுந்திருக்கும். பதினான்கு வருஷம் பெட்டி கட்டி, நகக்கண்ணில் வெடிப்பு விழுந்த விரல்கள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள். வழக்கமாகக் கேட்டைத் தாண்டியதும் நாத்தனாரின் கை ஓங்கும் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அது ஓங்கவில்லை. வீட்டுக்குப் போய், சமையலறையில் தம்பி மனைவிக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். இருபது வருஷத்தில் அது முதல் தடவை. சர்க்கரை ரொம்ப அதிகம். போதும் அண்ணி என்று இவள் முழுவதையும் குடித்தாள்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. சரக்கை ஒரே கிடங்குக்கு மாற்றுவது நிச்சயம் என்று கம்பெனி எழுதியிருந்தது. மேனேஜர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மாற்றப் போவது அந்த மூன்று கிடங்குச் சரக்கை. வரப் போவது இங்கே. அங்கே வேலை பார்த்தவர்களில் வர விருப்பமுள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கீழே ஒரு வரி: பொறுப்பாளராக இப்போது இருப்பவரே இருக்க வேண்டும். தற்காலிகம் என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

லாரிகள் வந்த முதல் நாள் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேட்டிலிருந்து சாலை வளைவு வரை நின்றன. வரிசையக்கா கையில் சாக்கட்டியோடு முற்றத்தில் நின்று, எந்த லாரி எந்த வரிசை என்று தரையில் எழுதிக்கொண்டே போனாள். எழுதிய கோட்டில் லாரியின் பின்சக்கரம் வந்து நின்றது. புதிதாக வந்தவர்கள் யாருக்கும் எதையும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பைலட்டுக்குத் துணையாக இன்னும் இரண்டு ஃபோர்க்லிஃப்ட் வந்திருந்தது. அவன் அவற்றை ஓட்டுகிறவர்களிடம் தன்னைத் தலைமைப் பைலட் என்று அறிமுகப்படுத்திக்கொண்டான்.

தன் முறைக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் ஒருவர், சாக்கட்டியோடு நிற்கிற அந்தம்மா யார் என்று கேட்டார். கேட்டது இஸ்திரியம்மாவிடம்.

"என் தம்பி பெண்டாட்டி," என்றார் அவர். டிரைவர் நகரப் பார்த்தார், அவர் விடவில்லை. "நில்லுங்க, சொல்றேன். நான் ஒரு தப்பு பண்ணினேன். சாதாரணத் தப்பு இல்ல, யாராலயும் கண்டுபிடிக்க முடியாத தப்பு. பெட்டியே இல்ல, எழுத்தும் இல்ல. இவ உட்கார்ந்த இடத்துல ஒரு தாளைப் பார்த்து, பதினோரு பாட்டில், இங்க ஒண்ணு, அங்க ஆறு, அங்க நாலுன்னு சொல்லிட்டா. வேற எந்த குடோன்லயாவது நான் அப்படி ஒரு தப்பு பண்ணியிருந்தா, இன்னைக்கு வரைக்கும் தேடிக்கிட்டு இருப்பாங்க."

அவர் அதை எவ்வளவு பெருமையோடு சொன்னார் என்றால், டிரைவருக்குத் தப்புச் செய்தவரைப் பாராட்டுவதா, கண்டுபிடித்தவரைப் பாராட்டுவதா என்று தெரியவில்லை. முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து வரிசையக்கா, எட்டாம் வரிசை வரலாம் என்று குரல் கொடுத்தாள். டிரைவர் ஓடிப்போய் லாரியில் ஏறினார்.